கையெழுத்துப் போட்ட படம்: அதற்கு என்ன விலை?

புதுக்கோட்டையில் கீழராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்து. அங்கே ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. சாமி படம் அல்ல. தாத்தா படமும் அல்ல. பாட்டுக்கார நடிகர் பி. யு. சின்னப்பாவின் படம்!

ராஜா வேஷம். கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. வலது மூலையில் மசியால் போட்ட ஒரு கையெழுத்து.

சில மாதங்களுக்கு முன், பழைய சாமான் வாங்குகிற ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். பித்தளை அண்டாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"இந்தப் படத்தையும் குடுத்துடுங்க அம்மா. ஐந்நூறு ரூபாய் தர்றேன்."

வீட்டுக்கார மூதாட்டிக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. "அது எங்க வீட்டுக்காரர் மாட்டின படம். இருக்கட்டும்" என்றார்.

"ஆயிரம்?"

"வேண்டாம்ப்பா."

"சரி, இரண்டாயிரமா வச்சுக்குங்க."

மூதாட்டி பேரனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, நான் விலையே கேக்கலே. ஐந்நூறு எப்படிடா இரண்டாயிரம் ஆச்சு?"

பேரன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். "அப்பத்தா! வெளிநாட்டிலே பாட்டுக்காரங்க படம் லட்சக் கணக்கிலே போகுது!"

வந்தவர் அண்டாவை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டார் நம்மிடம் இதைச் சொன்னபோது, அந்த அம்மாளின் கேள்விதான் மனதில் நின்றது. ஒரு போட்டோவுக்கு விலை எங்கிருந்து வருகிறது?

எண் போட்ட பிரதிகள்

நெகட்டிவ் ஒன்று இருந்தால் நூறு பிரதியும் போடலாம். பத்தாயிரம் பிரதியும் போடலாம். பத்தாயிரம் பேர் வீட்டில் இருக்கிற சாமானுக்கு யார் பெரிய விலை கொடுப்பார்கள்?

ஆகவே மேல்நாட்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். "இந்தப் படத்தில் 50 பிரதிதான் போடுவேன். அதற்கு மேல் போட மாட்டேன்" என்று படம் எடுத்தவர் வாக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு பிரதியிலும் எண் எழுதுகிறார். 12/50 என்று இருந்தால், ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி என்று பொருள். பக்கத்தில் கையெழுத்தும் போடுகிறார்.

யாருடைய கையெழுத்து? பாடகருடையது அல்ல. கேமரா பிடித்தவருடையது! நாம் நட்சத்திரத்தின் கையெழுத்தைத் தேடி ஓடுகிறோம். அங்கே போட்டோக்காரரின் கையெழுத்துக்கு விலை வைக்கிறார்கள்.

முதல் சில பிரதிகள் மலிவாகக் கிடைக்கும். விற்க விற்க விலை ஏறும். நம் ஊர்ச் சந்தையில் பொழுது சாய்ந்தால் கத்தரிக்காய் விலை இறங்கும். இந்தச் சந்தையில் கடைசிக் கத்தரிக்காய்க்குத்தான் விலை அதிகம்.

"ஒரே நெகட்டிவ்தானே, எல்லாப் பிரதியும் ஒன்றுதானே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்று பெரிய போட்டோ மேதை இருந்தார். அவர் முதலில் பியானோ வாசிக்கப் பயின்றவர். நெகட்டிவை அவர் ஸ்வரம் எழுதிய தாளுக்கு ஒப்பிட்டார். அதிலிருந்து போடும் பிரதியைக் கச்சேரிக்கு ஒப்பிட்டார். கீர்த்தனை ஒன்றுதான். ஆனால் இன்றைய கச்சேரி நேற்றைய கச்சேரி ஆகுமா? இருட்டறையில் எவ்வளவு வெளிச்சம் விடுவது, எந்த இடத்தைக் கறுப்பாக்குவது என்பதெல்லாம் கைப்பழக்கம். படம் எடுத்தவரே தம் கையால் போட்ட பிரதிக்கு அதனால்தான் தனி மரியாதை.

இனாமாகக் கிடைக்கிற படம்

இன்னொரு அமெரிக்கரின் கதையைக் கேளுங்கள். பெயர் வில்லியம் காட்லீப். பத்திரிகையில் ஜாஸ் சங்கீதத்தைப் பற்றி எழுதிவந்தார். அந்தச் சங்கீதக்காரர்களைப் படம் பிடிக்கப் பத்திரிகை பணம் கொடுக்கவில்லை. "சரி, நானே எடுக்கிறேன்" என்று கேமராவைத் தூக்கினார். 1938 முதல் 1948 வரை பத்து வருஷம். லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்று அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் எல்லாம் அவர் கேமராவுக்குள் வந்துவிட்டார்கள்.

அவருடைய 1,600-க்கும் மேற்பட்ட படங்களை 1995-ம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் வாங்கிக்கொண்டது. காட்லீப் 2006-ம் ஆண்டில் காலமானார். 2010-ம் ஆண்டில் அந்தப் படங்கள் எல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே எடுக்கலாம்!

அப்படியானால் காட்லீப் உயிரோடு இருந்தபோது கையெழுத்துப் போட்டுத் தந்த பிரதிகளை மக்கள் குப்பையில் போட்டுவிட்டார்களா? இல்லை. அவற்றை இன்றும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். படத்துக்குக் காசு இல்லை. அவர் கை பட்டதற்குக் காசு!

வாக்கு மாறினால்?

எண் போட்டு விற்பதெல்லாம் ஒரு வாக்கை நம்பித்தான். அந்த வாக்கு எவ்வளவு உறுதி? இதிலும் ஒரு வழக்கு நடந்திருக்கிறது.

வில்லியம் எக்கிள்ஸ்டன் என்ற பிரபல அமெரிக்கப் போட்டோக்காரர் தம் பழைய படங்களை 2012-ம் ஆண்டில் மறுபடியும் அச்சிட்டார். இந்தத் தடவை பெரிய அளவில், புதிய கம்ப்யூட்டர் முறையில். 36 படங்கள் ஏலத்தில் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. அவருடைய எண் போட்ட பழைய பிரதிகளை முன்பே வாங்கி வைத்திருந்த ஒருவருக்கு ஆத்திரம் வந்தது. "இவ்வளவுதான் போடுவேன் என்று சொன்னீரே! இப்போது மறுபடியும் போட்டு, என் படத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டீரே!" என்று கோர்ட்டுக்குப் போனார். 2013-ம் ஆண்டில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. புதிய பிரதிகளின் அளவு வேறு, முறை வேறு. எனவே அது புதிய வரிசை என்று ஆகிவிட்டது.

நம்மைக் கேட்டால் இது கொஞ்சம் சாமர்த்தியமான நியாயம்தான். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். ஆகையால் இன்று யாராவது உங்களிடம் "50 பிரதிதான் சார்" என்று சங்கீத வித்வான் படத்தை விற்க வந்தால், "எந்த அளவில் 50? வேறு அளவில் எத்தனை?" என்று கேளுங்கள். எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

1858-ல் புதுக்கோட்டையில்!

இதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் புது வித்தை என்று நினைக்கிறோம். இல்லை. நம் புதுக்கோட்டையே இதைப் பார்த்திருக்கிறது.

லினேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோக்காரராக நியமித்திருந்தது. 1858-ம் ஆண்டில் அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றிப் படம் எடுத்தார். புதுக்கோட்டையையும் படம் எடுத்தார். ஃபிலிம் இல்லாத காலம். மெழுகு ஏற்றிய காகிதமே நெகட்டிவ். புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்கள்.

அதற்கு முன், 1855-ம் ஆண்டில், அதே டிரைப் பர்மாவில் படம் எடுத்தார். 120 காட்சிகள். அவற்றில் 50 தொகுப்புகள் போட்டார்கள். படங்களில் "எல். டிரைப்" என்று மசியால் கையெழுத்து. எண்ணிப் போட்ட பிரதி, எடுத்தவரின் கையெழுத்து இரண்டும் 170 வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டன!

தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குச் சுருளாக்கினார். பிறகு கவர்னர் டிரெவெல்யன் வந்தார். செலவு அதிகம் என்று வேலையையே நிறுத்திவிட்டார். டிரைப்பின் படங்கள் இன்று உலகத்தின் பெரிய பொருட்காட்சிசாலைகளில் இருக்கின்றன.

ஒரே ஆள், ஐந்து வேஷம்

மறுபடியும் சுவரில் தொங்கும் படத்துக்கு வருவோம்.

பி. யு. சின்னப்பா 1916-ம் ஆண்டில் பிறந்தவர். "பு" என்பது புதுக்கோட்டை. "உ" என்பது தகப்பனார் உலகநாத பிள்ளை. சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1940-ம் ஆண்டில் "உத்தமபுத்திரன்" படத்தில் இரட்டை வேஷம் போட்டார். 1942-ம் ஆண்டில் "கண்ணகி"யில் கோவலன். 1944-ம் ஆண்டில் "ஜகதலப்பிரதாபன்". 1951-ம் ஆண்டில் புதுக்கோட்டையிலேயே காலமானார். அப்போது வயது 35தான். அவர் ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்ததையும், "இனிமேல் வாங்கக்கூடாது" என்று சமஸ்தானம் தடை போட்டதையும் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள்.

"ஜகதலப்பிரதாபன்" படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா! ஒரே திரையில் ஐந்து சின்னப்பாக்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? இப்படிப்பட்ட காட்சிகளுக்குக் கேமராவின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொள்வார்கள். திறந்த பக்கத்தில் நடிகர் ஒரு வேஷத்தில் நடிப்பார். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றிக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திறப்பார்கள். அவர் இடம் மாறி உட்காருவார். கேமரா ஓர் அங்குலம் அசைந்தால் எல்லாம் பாழ். நம் நாட்டுச் சங்கீதப் படங்களில் இதைவிட அதிசயம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

படப்பிடிப்பு நடக்கும்போது, சினிமாக் கேமரா ஓய்ந்ததும், ஸ்டில் எடுப்பவர் வருவார். "அப்படியே நில்லுங்கள்" என்பார். நடிகர் மூச்சை அடக்கி நிற்பார். அந்தப் படங்கள் தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். படம் மாறியதும் சில திரும்பிப் போகும். சில மானேஜர் வீட்டுக்குப் போகும். சில, அபிமானிகள் கைக்கு வரும். நடிகர் ஊருக்கு வந்தால் அதை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள்.

கையெழுத்து உண்மையா?

இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினால் நட்சத்திரம் எத்தனை கையெழுத்துப் போட முடியும்? ஆகவே கையெழுத்தையும் சேர்த்தே படமாக அச்சடித்து அனுப்புவது உண்டு. அதைக் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை அசல் கையெழுத்து என்று விற்றால் மோசடி.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் போட்டது; பத்திரிகைப் படம் மாதிரி. அசல் போட்டோவில் புள்ளி தெரியாது. மிகப் பழைய படத்தைச் சாய்த்துப் பிடித்தால், கறுப்பான இடங்களின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு மினுமினுப்புக் காணும். அது படத்திலுள்ள வெள்ளியேதான். மசிக் கையெழுத்து என்றால் பேனா அழுத்திய தடமும், மசி தேங்கிய இடமும் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே நிறமாக, படத்துக்குள்ளேயே புதைந்தாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இப்போது கம்ப்யூட்டரே பழைய படம் மாதிரி புதிதாகச் செய்துவிடுகிறது. எடுக்காத கச்சேரியைக்கூட எடுத்த மாதிரி காட்டுகிறது!

எடுத்தவர் யார்?

தியாகராஜ சுவாமிகளுக்குப் போட்டோ கிடையாது. போட்டோக் கலை உலகுக்கு வந்தது 1839-ம் ஆண்டில். அவர் சித்தியடைந்தது 1847-ம் ஆண்டில். இன்று நம் வீடுகளில் இருக்கும் மும்மூர்த்திகளின் உருவங்கள் ஓவியர்கள் எழுதியவை. வித்வானும் ஓவியருமான எஸ். ராஜம் எழுதிய படங்களைத் தெரியாதவர்கள் இல்லை. ஓவியர் பெயர் நமக்கு ஞாபகம் இருக்கிறது. போட்டோக்காரர் பெயர்?

1937-ம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. பாலசரஸ்வதியும் இளம் பெண்கள். வீட்டாருக்குத் தெரியாமல் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கோடு போட்ட பைஜாமா உடுத்திக்கொண்டு, சிகரெட் பிடிப்பதுபோல் குறும்பாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை இன்று லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு பெண்களையும் புகழ்கிறோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "சிரிங்கம்மா" என்ற மனிதரைப் பற்றி ஒருவராவது பேசுகிறோமா?

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால்தான் கஞ்சிரா கச்சேரி மேடைக்கு வந்தது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் சிங்கம். இப்படிப்பட்ட வித்வான்களின் படங்களை லயக்காரர்கள் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். படத்தின் அடியில் வித்வான் பெயர் உண்டு. எடுத்தவர் பெயர் இல்லை.

வடக்கே கொஞ்சம் மாறியிருக்கிறது. தயானிதா சிங் என்ற பெண், ஆமதாபாத்தில் மாணவியாக இருந்தபோது, தபலா மேதை ஜாகிர் உசேனைப் படம் எடுக்க ஆரம்பித்தார். அவருடனேயே ஊர் ஊராகப் போனார். 1986-ம் ஆண்டில் அது புத்தகமாயிற்று. ஜாகிர் உசேன் 2024-ம் ஆண்டில் மறைந்தபோது அந்தப் படங்களைப் பலரும் தேடிப் பார்த்தார்கள். தயானிதா சிங் இன்று உலகப் பரிசு பெற்ற போட்டோக் கலைஞர்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து உங்களைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் உரிமை உங்களுடையது. ஸ்டூடியோக்காரருடையது அல்ல. அவரிடம் இருப்பது நெகட்டிவ் மட்டும். 2012-ம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் போட்டோவுக்கு உரிமைக் காலம், வெளியானதிலிருந்து 60 வருஷம். இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும். 1944-ம் ஆண்டில் வெளியான ஸ்டில்லின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு. ஓவியமோ சிற்பமோ கைமாறி 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால், படைத்தவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இசையமைப்பாளரின் கைப்பிரதிக்கும் உண்டு. போட்டோவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை! ஆகவே நம் நாட்டில் ஒரு பழைய போட்டோ எத்தனை லட்சத்துக்குக் கைமாறினாலும், எடுத்தவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ சட்டப்படி ஒரு காசு கிடையாது. மேல்நாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு, எண் போட்டு விற்பதைப் பணக்காரர் விளையாட்டு என்று நானும் முதலில் நினைத்தேன். இந்தப் பிரிவைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முதல் விற்பனையிலேயே போட்டோக்காரர் தம் பெயரையும் தம் பங்கையும் வாங்கிக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

வெள்ளிக்குப் போன நெகட்டிவ்கள்

நம் ஊர்களில் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அவற்றின் நெகட்டிவ்கள் எங்கே? ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது என்று எடைக்குப் போட்டார்கள். கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

காப்பாற்றியவர்களும் உண்டு. "பிலிம் நியூஸ்" ஆனந்தன் சினிமா ஸ்டில்களை ஆயுள் முழுவதும் சேர்த்தார். அவர் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு ஒன்று விடாமல் சேர்த்தார். 1994-ம் ஆண்டு முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910-ம் ஆண்டில் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் நமக்கு இருக்கிறது. வீடுகளில் இருக்கும் சங்கீதக்காரர் படங்களை வாங்கவேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு, அசலை வீட்டாரிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஒரு அறையும் ஒரு நல்ல கேமராவும் போதும்.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். படத்தைப் பிளாஸ்டிக் உறை ஒட்டி இறுக்காதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. விளக்குப் புகையும் வெயிலும் படாத, ஈரம் இல்லாத சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ராமபாணப் பூச்சியைக் கவனியுங்கள். பின்புறம் மெல்லிய பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம், எடுத்தவர் யார் என்று எழுதிவையுங்கள். பேனா வேண்டாம்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்கு மறுபடி போனோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். புள்ளி இல்லை. கையெழுத்தில் மசி தேங்கிய தடம் இருந்தது. பேரன் மெதுவாக ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைத் திறந்தான். படத்தின் முதுகில் ஒரு ஸ்டூடியோ முத்திரை. "புதுக்கோட்டை" என்ற சொல் மட்டும் முழுசாக இருந்தது. அதற்கு மேலே, பெயர் இருந்த இடத்தை ராமபாணம் தின்றுவிட்டிருந்தது.

கீழே பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. பேரன் படிக்கப் போனான். "இங்கே குடுடா" என்று மூதாட்டி வாங்கிக்கொண்டார். 1991-ம் ஆண்டில், அறிவொளி இயக்கத்தில், ஐம்பதைத் தாண்டிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். அதற்கு முன்பே கணவர் காலமாகிவிட்டார். எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தார்.

"சி-ன்-ன-ப்-பா கை-யா-லே... கொ-டு-த்-த-து. ச-ட்-ட-ம் கூ-லி... ஒரு ரூபாய் நாலணா."

அந்த அம்மாள் சிரித்தார். "ஒண்ணேகால் ரூபாயா! எனக்குப் பரிசம் போட்டப்போ ஓரணாவுக்குக் கணக்குப் பார்த்த மனுஷன்!"

பிறகு பேரனிடம், "விளக்கு மாடத்துக்கு எதிர்ச் சுவர்லே வேணாம்டா. அந்தப் பக்கம் ஆணி அடி" என்றார்.